ஹிப்பா மின்னணுப் பரிவர்த்தனைகளைச் சோதிப்பது எப்படி: டெஸ்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

837 என்ற காப்பீட்டுக் கோரிக்கை (கிளெய்ம்) ஃபைலை அனுப்பினோம், 999 என்ற ஒப்புகையில் ஏற்பு வந்துவிட்டது, அப்படியென்றால் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஹிப்பா விதிப்படி எல்லாம் சரி. சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க ஹெல்த்கேர் ப்ராஜெக்ட்டுகளில் வேலை பார்க்கிற பலர் டெஸ்ட் கேஸை இப்படித்தான் மூடுகிறார்கள். ஆனால் அந்த 999 சொல்வது மிகக் கொஞ்சம். ஃபைலின் இலக்கணம் சரி என்று மட்டும்தான் அது சொல்கிறது. தொகைகளைக் கூட்டினால் கணக்கு நிற்கிறதா, நோய்க் குறியீடு அந்தத் தேதியில் செல்லுபடியானதா, கிளெய்ம் பேயரின், அதாவது பணம் கொடுக்கும் காப்பீட்டு நிறுவனத்தின், சிஸ்டத்துக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் அதில் தெரியாது.

பலர் கண்ணில் படாத இன்னொரு பாதியும் உண்டு. தப்பான ஃபைலை உள்ளே விடுவது குறை என்றால், சரியான ஃபைலைத் திருப்பி அனுப்புவதும் அதே சட்டத்தின் கீழ் குறைதான். முதல் வகையை டீம்கள் தேடித் தேடிப் பிடிக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரு டெஸ்ட் கேஸ்கூட இருக்காது. எக்ஸ்12 என்ற மின்னணுத் தர வடிவத்து ஃபைலை ஓரளவு படிக்கத் தெரிந்தவர்களுக்காக, இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

பின்னணி, சுருக்கமாக

ஹிப்பா சட்டம் 1996-ல் வந்தது. நோயாளியின் அந்தரங்கத் தகவலைக் காப்பது பற்றித்தான் வெளியில் அதிகம் பேசுவார்கள். ஆனால் அதற்குள் நிர்வாக எளிமையாக்கம் என்று ஒரு பகுதி இருக்கிறது. மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் இரண்டுக்கும் நடுவே ஃபைலைக் கடத்தும் கிளியரிங் ஹவுஸும் மின்னணு முறையில் பேசிக்கொண்டால் ஒரே தர வடிவத்தில்தான் பேச வேண்டும் என்கிறது அது. விதிகள் அமெரிக்க மத்திய அரசு விதித் தொகுப்பில், 45 சிஎஃப்ஆர் பகுதி 162-ல் இருக்கின்றன. பரிவர்த்தனை விதி 2000 ஆகஸ்டில் வெளியானது, 2003 அக்டோபர் 16-ல் எல்லாரும் இணங்கியாக வேண்டியிருந்தது. அப்போது எக்ஸ்12-இன் 4010 பதிப்பு. 2012 ஜனவரி 1 முதல் 5010. இன்றும் அதுதான்.

2012-ல் நடந்ததை டெஸ்டிங் ஆட்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கெடு தேதி மாறவில்லை. ஆனாலும் அமலாக்க நடவடிக்கையை, இந்த விதிகளைக் கவனிக்கும் மத்திய அரசு நிறுவனமான சிஎம்எஸ் முதலில் மார்ச் 31 வரை, அப்புறம் ஜூன் 30 வரை நிறுத்தி வைத்தது. கூட்டாளி நிறுவனங்களோடு செய்ய வேண்டிய சோதனை தொழில் முழுக்க முடியாமல் கிடந்ததுதான் காரணம். அவரவர் அலுவலகத்துக்குள் சோதிப்பது ஒரு வேலை, எதிர்ப்பக்கத்தோடு சேர்ந்து சோதிப்பது முற்றிலும் வேறு வேலை.

சட்டத்தின் கீழ் வரும் முக்கியப் பரிவர்த்தனைகள்: கிளெய்முக்கு 837 (டாக்டர், மருத்துவமனை, பல் மருத்துவம் என மூன்று வகை), பணம் வந்த விவரத்துக்கு 835, நோயாளிக்குக் காப்பீடு இருக்கிறதா என்ற தகுதி விசாரணைக்கு 270, அதன் பதிலுக்கு 271, கிளெய்ம் நிலை கேட்க 276, பதில் 277, முன் அனுமதிக்கு 278, உறுப்பினர் சேர்க்கைக்கு 834, பிரீமியத்துக்கு 820. மருந்துக் கடைக் கிளெய்முக்கு மட்டும் என்சிபிடிபி டி.0 என்ற தனி வடிவம். அதை இங்கே தொடப்போவதில்லை.

படி 1: எது விதி, எது பேயரின் வழக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

டெஸ்ட் கேஸ் எழுத உட்காரும் முன் மேசையில் மூன்று ஆவணங்கள் வேண்டும். முதலாவது, எக்ஸ்12 வெளியிடும் டிஆர்3 என்ற அமலாக்க வழிகாட்டி. இதைக் காசு கொடுத்து உரிமத்தோடு வாங்க வேண்டும். இணையத்தில் அலைகிற அரைகுறைப் பிரதிகளை நம்பி எழுதினால் எரட்டா திருத்தங்கள் விட்டுப்போகும். டாக்டர் கிளெய்முக்கு 005010எக்ஸ்222ஏ1, மருத்துவமனைக் கிளெய்முக்கு 005010எக்ஸ்223ஏ2, பண விவரத்துக்கு 005010எக்ஸ்221ஏ1. கடைசியில் நிற்கும் ஏ1, ஏ2 தான் அந்தத் திருத்தங்கள். ஃபைலின் ஒவ்வொரு வரி மாதிரியான துண்டும் ஒரு செக்மென்ட், அதற்குள் ஒவ்வொரு புலமும் ஒரு எலிமென்ட். ஜிஎஸ் என்ற குழுத் தலைப்பு செக்மென்ட்டின் எட்டாவது எலிமென்ட்டில் இதே எண் அப்படியே வர வேண்டும்.

இரண்டாவது, சிஏக்யூஎச் கோர் என்ற தொழில்துறை அமைப்பின் இயக்க விதிகளில் (பரிமாற்றம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்பவை) அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றாவது, டிஆர்3-ஐ ஒட்டிப் பேயர் கொடுக்கும் சொந்தக் குறிப்பேடான கம்பானியன் கைடு.

தகராறு முளைப்பது இந்த மூன்றாவதில்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பதுபோல, டிஆர்3 அனுமதித்ததைக் கம்பானியன் கைடு மறுக்கும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. விதி 162.915-இன்படி, கூட்டாளி ஒப்பந்தம் ஒரு எலிமென்ட்டின் பொருளை மாற்றக்கூடாது, புதிய எலிமென்ட்டைச் சேர்க்கக்கூடாது, பயன்படுத்தக்கூடாது என்று குறித்ததைப் பயன்படுத்தச் சொல்லவும் கூடாது. எந்த முகவரிக்கு அனுப்புவது, எந்த அடையாள எண்ணைப் போடுவது, எத்தனை மணிக்கு ஃபைல் எடுக்கப்படும் என்பது மாதிரியான விஷயங்களைச் சொல்லத்தான் கம்பானியன் கைடு இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு டெஸ்ட் கேஸுக்கும் மூலம் என்று ஒரு கட்டம் வையுங்கள். டிஆர்3, இயக்க விதி, பேயர், இந்த மூன்றில் ஒன்று. கேஸ் தோற்றுப்போகிற அன்றைக்கு இதன் அருமை தெரியும். டிஆர்3 மூலமுள்ள கேஸ் தோற்றால் அது இணக்கக் குறை. பேயர் மூலமுள்ள கேஸ் தோற்றால் பணம் வராது, ஆனால் சட்டச் சிக்கல் இல்லை. இரண்டையும் ஒரே அடுக்கில் போட்டுக் குழப்பிய டிஃபெக்ட் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு எதை முதலில் சரிசெய்வது என்று யாராலும் முடிவெடுக்க முடியாது.

படி 2: டெஸ்ட் டேட்டா

ப்ரொடக்‌ஷனிலிருந்து நிஜக் கிளெய்ம் ஃபைலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி டெஸ்ட் சூழலில் போடுவது மிகப் பரவலான பழக்கம். மிக ஆபத்தானதும் அதுதான். அடையாளம் நீக்குவதற்கு ஹிப்பா சொல்லும் நேரடி வழியில் 18 வகை அடையாளங்களை எடுக்க வேண்டும். தேதிகளில் ஆண்டு தவிர எதுவும் மிஞ்சக்கூடாது. ஜிப் குறியீட்டில் முதல் மூன்று இலக்கம்தான் வைக்கலாம், அதுவும் அந்தப் பகுதியில் 20,000-க்கு மேல் ஆட்கள் இருந்தால் மட்டும். 89 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் 90 அல்லது அதற்கு மேல் என்று ஒரே கூட்டமாக வேண்டும்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். தேதியை எடுத்துவிட்டால் கிளெய்ம் சோதனையில் பாதி செத்துவிடும். சிகிச்சைத் தேதியை வைத்துத்தான் குறியீடு செல்லுமா என்று பார்க்கிறோம், காப்பீடு அன்று நடப்பில் இருந்ததா என்று பார்க்கிறோம். தேதிகளை ஒரே அளவில் முன்பின் நகர்த்துகிற உத்தி இந்த நேரடி வழிக்குள் வராது. அதற்கு நிபுணர் ஒருவரின் புள்ளியியல் சான்று வேண்டும். என் யோசனை: செயற்கை டேட்டாவை அடியிலிருந்து உருவாக்குங்கள். வேலை அதிகம்தான். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் யாரிடமும் பயந்து பயந்து ஃபைல் கேட்க வேண்டியதில்லை.

செயற்கை டேட்டா ஒன்றுக்கொன்று பேச வேண்டும். 834-ல் சேர்த்த உறுப்பினர் எண்தான் 270-லும் வர வேண்டும், 837-லும் வர வேண்டும், கடைசியில் 835-லும் திரும்ப வேண்டும். தனித்தனி டீம்கள் தனித்தனியாக டேட்டா தயாரித்தால் நான்கும் நான்கு ஊர் ஆட்களாக இருக்கும்.

ப்ரொவைடரை, அதாவது சிகிச்சை தரும் டாக்டர் அல்லது மருத்துவமனையை, அடையாளம் காட்டும் என்பிஐ எண்ணையும் மனம்போனபடி எழுத முடியாது. பத்தாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். கணக்கு இப்படி: 123456789 என்பதை எடுங்கள். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். 9, 7, 5, 3, 1 ஆகியவை 18, 14, 10, 6, 2 ஆகும். இவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் 23. இரட்டிக்காத 8, 6, 4, 2 கூட்டினால் 20. இரண்டும் 43. இதோடு 24 சேர்க்க வேண்டும், 80840 என்ற முன்னொட்டுக்காக. வருவது 67. அடுத்த பத்தின் மடங்கு 70, ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 3, முழு எண் 1234567893. இதைப் போலக் கணக்கில் தேறுகிற எண்கள், கடைசி இலக்கம் மட்டும் தப்பான எண்கள், கணக்கில் தேறியும் ப்ரொவைடர் டேபிளில் இல்லாத எண்கள் என்று மூன்று கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் சிஸ்டம் தருகிற பிழைச் செய்தி வேறு வேறாக இருக்க வேண்டும்.

ஒருவேளை மறைத்த ப்ரொடக்‌ஷன் டேட்டாவைத்தான் தருவோம் என்று கிளையன்ட் பிடிவாதம் பிடித்தால், மூலை முடுக்குகளைப் பாருங்கள். பெயர், முகவரி எல்லாம் மாறியிருக்கும். கிளெய்ம் விவர செக்மென்ட்டான சிஎல்எம்-இன் முதல் எலிமென்ட்டில் மருத்துவமனையின் நிஜக் கணக்கு எண் அப்படியே இருக்கும். என்டிஇ என்ற குறிப்பு செக்மென்ட்டில் யாரோ நோயாளி பெயரைத் தட்டச்சு செய்திருப்பார்கள். ஃபைல் பெயரிலேயே உறுப்பினர் எண் இருப்பதும் உண்டு. இந்தியாவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று: முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரைத் தனியார் வழி நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் நிறுவனங்கள் நோயாளித் தகவலை வெளிநாட்டுத் துணை ஒப்பந்ததாரர் கையாண்டால் அதை சிஎம்எஸ்ஸிடம் உறுதிமொழியோடு தெரிவிக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட்டின் சில மாநில ஒப்பந்தங்கள் தகவல் நாட்டை விட்டுப் போகவே கூடாது என்கின்றன. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ஏழு அடுக்குச் சோதனை

மின்னணு மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான தொழில்துறை அமைப்பான டபிள்யூஇடிஐ-யின் ஸ்னிப் குழு வகுத்த ஏழு சோதனை வகைகள்தான் இந்தத் தொழிலின் பொது மொழி. இவை சட்டமல்ல, நடைமுறை. ஆனால் ஸ்னிப் நாலு வரைக்கும் பார்க்கிறோம் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

முதல் அடுக்கு, எக்ஸ்12 இலக்கணம். ஃபைலின் வெளி உறையைத் தொடங்கும் ஐஎஸ்ஏ செக்மென்ட் முடிவுக்குறியோடு சேர்த்து சரியாக 106 எழுத்து. நான்காவது எழுத்துதான் ஃபைல் முழுக்க எலிமென்ட்டைப் பிரிக்கும் குறி, 106-வது எழுத்துதான் செக்மென்ட் முடிவு. பல ப்ரோகிராம்கள் நட்சத்திரக்குறியும் டில்டே குறியும்தான் வரும் என்று அடித்து எழுதப்பட்டிருக்கும். வேறு குறிகளை வைத்து ஒரு ஃபைல் அனுப்பிப் பாருங்கள், பாதி சிஸ்டம் விழுந்துவிடும். அனுப்புநர் எண் 15 எழுத்துக்கு நிரப்பப்படாத ஃபைல், பரிவர்த்தனையை முடிக்கும் எஸ்இ-யில் செக்மென்ட் எண்ணிக்கை ஒன்று குறைந்த ஃபைல், ஐஎஸ்ஏ எண்ணும் அந்த உறையை மூடும் ஐஇஏ எண்ணும் ஒத்துப்போகாத ஃபைல், எல்லாமும் தேவை. ஒரே ஜிஎஸ்ஸுக்குள் நல்ல எஸ்டி (தனிப் பரிவர்த்தனைத் தொகுப்பு) ஒன்று, கெட்ட எஸ்டி ஒன்று வைத்தால், 999-ல் ஏகே9 செக்மென்ட் பகுதி ஏற்பு என்று சொல்ல வேண்டும். மொத்தத்தையும் நிராகரித்தால் டிஃபெக்ட் போடுங்கள்.

இரண்டாவது அடுக்கு, டிஆர்3-இன் சொந்த விதிகள். உதாரணமாக, 5010-ல் பில்லிங் ப்ரொவைடர் முகவரியில் தபால் பெட்டி எண் கூடாது, ஜிப் ஒன்பது இலக்கம் வேண்டும். பணம் தபால் பெட்டிக்கு வர வேண்டுமென்றால் அதற்குத் தனி லூப் (செக்மென்ட்களின் தொகுதி) இருக்கிறது.

மூன்றாவது அடுக்கு, கணக்கு நிற்பது. இதற்குத் தனியாகப் படி 4 ஒதுக்கியிருக்கிறேன்.

நான்காவது அடுக்கு, நிபந்தனை விதிகள். என் அனுபவத்தில் அதிகம் தவறுவது இங்கேதான், ஏனென்றால் கருவிகள் இதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஏற்கெனவே அனுப்பிய கிளெய்மைத் திருத்தி அனுப்பினால் கிளெய்ம் ஃப்ரீக்வென்சி குறியீடு 7, ரத்து செய்தால் 8. இரண்டிலும் பேயர் முன்பு கொடுத்த கிளெய்ம் எண்ணை ஆர்இஎஃப் எஃப்8 என்ற செக்மென்ட்டில் அனுப்ப வேண்டும். கார் விபத்து என்று குறித்தால் விபத்துத் தேதி வேண்டும். இப்படி ஒவ்வொரு நிபந்தனைக்கும் நான்கு கேஸ் எழுதுங்கள்: நிபந்தனை பொருந்துகிறது, டேட்டா அனுப்பினோம். பொருந்துகிறது, அனுப்பவில்லை. பொருந்தவில்லை, அனுப்பவில்லை. பொருந்தவில்லை, ஆனாலும் அனுப்பினோம்.

நான்காவது கேஸில்தான் நுணுக்கம். டிஆர்3-ல் நிபந்தனை வாக்கியங்கள் இரண்டு விதமாக முடியும். ஒரு விதம், தேவையில்லையென்றால் அனுப்பாதே என்கிறது. மற்றொரு விதம், அனுப்புகிறவர் விரும்பினால் அனுப்பலாம், பெறுகிறவர் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. முதல் விதத்தில் நிராகரிப்பு வரலாம். இரண்டாவதில் வரவே கூடாது. வாக்கியத்தின் வாலைப் படிக்காமல் எழுதிய எடிட் (சரிபார்ப்பு) விதி, நல்ல கிளெய்மைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே பாக்கிப் பணத்தைத் துரத்தும் ஏஆர் டீம் ராத்திரி ஷிஃப்ட்டில் போன் போட்டுக் காரணம் தேடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது அடுக்கு, வெளிக் குறியீட்டுப் பட்டியல்கள். ஐசிடி-10 (நோய்), சிபிடி (சிகிச்சை), எச்சிபிசிஎஸ் (சேவை, பொருள்) போன்ற மருத்துவக் குறியீடுகள் சிகிச்சை நடந்த தேதியில் செல்லுபடியாக இருக்க வேண்டும். மருத்துவம் சாராத குறியீடுகள், அதாவது பில் தொகையை ஏன் குறைத்தார்கள் என்று 835-ல் சொல்லும் சரிக்கட்டல் காரணக் குறியீடு மாதிரியானவை, பரிவர்த்தனை தொடங்கிய தேதியில் செல்லுபடியாக வேண்டும். இந்த வித்தியாசம் விதியிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே தேதியை வைத்து எழுதிய ப்ரோகிராம்கள் ஏராளம். பழைய சிகிச்சைத் தேதியோடு, இப்போது நீக்கப்பட்ட ஆனால் அன்று செல்லுபடியான நோய்க் குறியீட்டைப் போட்டு அனுப்புங்கள். ஏற்க வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை அந்தப் பழைய பட்டியலைப் பேயர் வைத்திருக்கத்தான் வேண்டும்.

ஆறாவது அடுக்கு ஆம்புலன்ஸ், கைரோப்ராக்டிக் (முதுகெலும்புச் சிகிச்சை) போன்ற சேவை வகைக்கேற்ற விதிகள். ஏழாவது பேயருக்கே உரியவை. இவற்றை அந்தந்த கிளையன்ட் எந்தச் சேவை பில் செய்கிறார் என்பதைப் பார்த்து எழுதினால் போதும்.

படி 4: பணத்தைக் கூட்டிப் பாருங்கள்

835-ஐச் சோதிக்கும்போது கையில் கால்குலேட்டர் இருக்கட்டும். மூன்று நிலையில் கணக்கு நிற்க வேண்டும்.

சேவை வரி நிலை: ஒரு கிளெய்மில் இரண்டு வரி என்று வைப்போம். முதல் வரியின் பில் 300 டாலர். ஒப்பந்த விலையைத் தாண்டியது 90, அது சிஓ 45 (ஒப்பந்தப்படி ப்ரொவைடர் விட்டுக்கொடுப்பது). நோயாளி முதலில் தானே கட்ட வேண்டிய டிடக்டிபிள் 50, பிஆர் 1 (பிஆர் என்றால் நோயாளி பொறுப்பு). நோயாளியின் சதவீதப் பங்கான கோ-இன்ஷூரன்ஸ் 32, பிஆர் 2. சரிக்கட்டல் மொத்தம் 172, பேயர் கொடுத்தது 128. இரண்டாவது வரியின் பில் 120, சிஓ 45-ல் 40, நோயாளியின் நிலையான பங்கான கோ-பே பிஆர் 3-ல் 20, கொடுத்தது 60.

கிளெய்ம் நிலை: பில் 420, சரிக்கட்டல் 232, பணம் 188. கிளெய்மின் பண விவர செக்மென்ட்டான சிஎல்பி-இன் நான்காவது எலிமென்ட்டில் 188 இருக்க வேண்டும், ஐந்தாவதில் நோயாளி பொறுப்பு 50 + 32 + 20 = 102.

முழு ஃபைல் நிலை: இதோடு 150 டாலர் கொடுத்த இன்னொரு கிளெய்ம் இருக்கிறது. முன்பு கூடுதலாகக் கொடுத்த 75 டாலரைப் பேயர் பிடித்துக்கொள்கிறார், தாமதத்துக்கு 2.40 டாலர் வட்டி தருகிறார். இரண்டும் தனிக் கிளெய்மைச் சாராத சரிக்கட்டலுக்கான பிஎல்பி செக்மென்ட்டில் வரும். அங்கே குறி தலைகீழ்: பிடித்தம் நேர்மறை, வட்டி எதிர்மறை. ஆக 75-ல் 2.40 போனால் 72.60. இரண்டு கிளெய்ம் கூட்டுத்தொகை 338-லிருந்து அதைக் கழித்தால் 265.40. மொத்தப் பணத்தைச் சொல்லும் பிபிஆர் செக்மென்ட்டின் இரண்டாவது எலிமென்ட்டில் இந்த எண் வர வேண்டும், வங்கிக்குப் போகும் தொகையும் இதுவே. பிஎல்பி குறியைத் தவறாகப் போட்ட சிஸ்டத்தில் 410.60 என்று வரும். எண்ணைப் பார்த்தவுடனே காரணம் புரிந்துவிடும்.

எளிய கிளெய்மில் எல்லாரும் தேறிவிடுவார்கள். திருப்பலை, அதாவது முன்பு கொடுத்ததை ரத்து செய்து மாற்றுவதை, சோதியுங்கள். மேலே சொன்ன 188 டாலர் கிளெய்மைப் பேயர் பின்னால் திருத்தி 160 ஆக்குகிறார். அப்போது 835-ல் முதலில் பழைய கிளெய்ம் முழுக்க எதிர்மறையில், சிஎல்பி நிலைக் குறியீடு 22-உடன் வர வேண்டும். சரிக்கட்டல்களும் எதிர்மறையில்தான். பின்னால் திருத்திய கிளெய்ம் 160 டாலருக்கு. நிகரம் மைனஸ் 28. அந்த ஃபைலில் வேறு கிளெய்ம் இல்லையென்றால்? பிபிஆர் தொகை எதிர்மறையாக இருக்க முடியாது. அது பூஜ்யமாகி, பிஎல்பி-யில் பாக்கியை அடுத்த ஃபைலுக்குக் கொண்டுசெல்லும் எஃப்பி குறியீட்டோடு மைனஸ் 28 வர வேண்டும். அடுத்த 835-ல் அதே 28 நேர்மறையாக வந்து கழியும். இரண்டு ஃபைலையும் சேர்த்துச் சோதிக்காமல் இந்தக் கேஸை மூடாதீர்கள்.

இரண்டாவது காப்பீடு இருக்கிற நோயாளியிடம் இதே எண்கள் மீண்டும் வேலைக்கு வரும். முதல் பேயரின் 835-ல் வந்தது அப்படியே இரண்டாவது பேயருக்குப் போகும் 837-ல் ஏற வேண்டும். முதல் வரியில் எஸ்விடி (முதல் பேயர் கொடுத்தது) 128, சிஏஎஸ் (சரிக்கட்டல்) 172, பில் 300. கூட்டினால் நிற்க வேண்டும். காசு வட்டமாக்குவதில் ஒரு சென்ட் நழுவினால்கூட இங்கே மாட்டிக்கொள்ளும்.

பண விவரமும் பணமும் வெவ்வேறு பாதையில் வருகின்றன என்பதை மறக்க வேண்டாம். 835-ன் டிஆர்என் என்ற தடமறியும் செக்மென்ட்டில் இருக்கும் எண்ணேதான் வங்கிப் பரிமாற்றத்தின் இணைப்பிலும் இருக்க வேண்டும். 2014 முதல் இது இயக்க விதியின் கீழ் வருகிறது. டெஸ்டிங்கில் வங்கிப் பக்கத்தை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுங்கள்.

படி 5: நிராகரிப்பைச் சோதியுங்கள்

ஒரு கிளெய்ம் ஃபைலை அனுப்பினால் பதிலுக்கு மூன்று வகை ஒப்புகை வரலாம். வெளி உறை பற்றி டிஏ1, இலக்கணம் பற்றி 999, கிளெய்ம் ஒவ்வொன்றையும் பற்றி 277சிஏ. வேடிக்கை என்னவென்றால் இந்த மூன்றும் ஹிப்பாவின் கீழ் கட்டாயமாக்கப்பட்டவை அல்ல. மெடிகேரும் பெரிய நிறுவனங்களும் பயன்படுத்துவதால் நிலைத்தவை. ஆகவே சிறிய பேயரிடம் என்ன ஒப்புகை வரும் என்று முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது நிராகரிப்பின் அளவு. நூறு கிளெய்ம் உள்ள ஒரு எஸ்டி-யில் ஒரு கிளெய்முக்கு மட்டும் செல்லாத நோய்க் குறியீடு வையுங்கள். 999 ஏற்பாக வர வேண்டும், 277சிஏ-யில் அந்த ஒன்று மட்டும் விழ வேண்டும், மற்ற 99-ம் போக வேண்டும். ஐந்தாவது அடுக்கு எடிட்டை 999 நிலையில் போட்டு வைத்திருக்கும் கேட்வேக்கள் (ஃபைலை வாசலில் வாங்கும் சிஸ்டங்கள்) நூறையும் திருப்பி அனுப்பும். ஒரு நோயாளியின் பிழைக்காக 99 பேரின் பணம் நிற்கும்.

அடுத்து, ஏற்றாக வேண்டியதை ஏற்கிறதா என்பது. விதி 162.925 தெளிவாக இருக்கிறது: தர வடிவத்தில் வந்தது என்பதற்காகவே பேயர் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது. தனக்குத் தேவையில்லாத எலிமென்ட் இருக்கிறது என்று சொல்லியும் மறுக்கக்கூடாது. இதிலிருந்து நேரடியாக டெஸ்ட் கேஸ் எழுதலாம். இரண்டாவது காப்பீட்டுத் தகவலைப் பயன்படுத்தாத பேயருக்கு அந்தத் தகவலோடு கிளெய்ம் அனுப்புங்கள். டாக்டர் கிளெய்மில் 12 நோய்க் குறியீடு வரை அனுமதி, 12-ம் போட்டு அனுப்புங்கள். சேவை வரி 50 வரை அனுமதி, ஐம்பதாவது வரி காணாமல் போகிறதா பாருங்கள். உள் சிஸ்டத்தின் பழைய டேபிளில் இடமில்லாததால் சத்தமில்லாமல் வெட்டி எறியப்படுவது நிராகரிப்பைவிட மோசம், எந்த ஒப்புகையிலும் அது தெரியாது. உள்ளே போன 837-ஐயும் டேட்டாபேஸில் இறங்கியதையும் எலிமென்ட் வாரியாக ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

ஏற்பு என்றால் பணம் கொடுப்பது என்று பொருளில்லை, இதை ஜூனியர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரிவர்த்தனையை ஏற்றுக்கொண்டு, பரிசீலித்து, கிளெய்மை டினை செய்ய பேயருக்கு உரிமை உண்டு. அந்த மறுப்பு 835-ல் காரணத்தோடு வர வேண்டும், வாசலிலேயே நடக்கக்கூடாது.

படி 6: உடனடிப் பதில்

நோயாளி ரிசப்ஷனில் நிற்கும்போது 270 போகிறது, 271 வர வேண்டும். இயக்க விதிப்படி உச்ச வரம்பு 20 விநாடி. டெஸ்ட் சூழலில் ஒற்றை விசாரணைக்கு எப்போதும் சீக்கிரம் வந்துவிடும், அதனால் திங்கட்கிழமை காலை நெரிசல் அளவுக்கு லோடு கொடுத்துப் பாருங்கள். ஆள் கிடைக்காதபோது 271-ல் வரும் ஏஏஏ பிழைக் குறியீடுகளையும் சரிபாருங்கள்: உறுப்பினர் எண் தப்பு என்றால் 72, பெயர் தப்பு என்றால் 73, ஆளே இல்லை என்றால் 75, இப்போது பதில் சொல்ல முடியாது என்றால் 42. எல்லாவற்றுக்கும் 75 போட்டுத் தள்ளுகிற சிஸ்டத்தில், சர்வர் படுத்திருக்கும் நேரத்தில் காப்பீடு உள்ள நோயாளிகூட காப்பீடு இல்லாதவராகிவிடுவார்.

படி 7: கூட்டாளியோடு சோதனை

ஐஎஸ்ஏ 15-வது எலிமென்ட்டில் டி இருந்தால் டெஸ்ட், பி இருந்தால் ப்ரொடக்‌ஷன். இந்த ஒரு எழுத்தைப் பேயர் பார்க்கிறாரா, அல்லது ஃபைல் வந்து விழுந்த ஃபோல்டரை மட்டும் பார்க்கிறாரா என்று கேளுங்கள். ஃபோல்டரை மட்டும் பார்த்தால், தப்பான இடத்தில் போட்ட டெஸ்ட் ஃபைலுக்கு நிஜப் பணம் வர வாய்ப்புண்டு. இரண்டும் முரண்படுகிற ஃபைல் ஒன்றைக் கட்டாயம் அனுப்பிப் பாருங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு.

பேயரின் டெஸ்ட் சூழலில் உங்கள் செயற்கை உறுப்பினர்களும் ப்ரொவைடர்களும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே உறுப்பினர் இல்லை என்ற ஒரே பிழையோடு திரும்பும், மேலே சொன்ன எந்தக் கேஸும் ஓடாது. இதற்கு வாரக்கணக்கில் பிடிக்கும், திட்டத்தில் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். கிளியரிங் ஹவுஸ் நடுவில் இருந்தால் அது ஃபைலைத் திருத்தி அனுப்பும். ஆகவே நீங்கள் அனுப்பியது, அவர்கள் பேயருக்கு அனுப்பியது, இரண்டையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

2024 பிப்ரவரியில் பெரிய கிளியரிங் ஹவுஸான சேஞ்ச் ஹெல்த்கேர் மீது நடந்த ரான்சம்வேர் தாக்குதலுக்குப் பிறகு மாற்றுப் பாதையும் சோதனைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அன்று பல மருத்துவமனைகள் அவசர அவசரமாக வேறு கிளியரிங் ஹவுஸுக்கு மாற வேண்டியிருந்தது. இரண்டாவது பாதை காகிதத்தில் இருந்தால் போதாது. அதன் வழியாக ஒரு சிறிய கிளெய்ம் கட்டு அவ்வப்போது போய் வரட்டும்.

படி 8: ஆதாரம்

எங்கள் மென்பொருள் ஹிப்பா சான்று பெற்றது என்று விற்பனையாளர் சொன்னால் அது தனியார் சான்று. அரசு எந்த மென்பொருளுக்கும் சான்று தருவதில்லை. 2019 முதல் சிஎம்எஸ் காப்பீட்டு நிறுவனங்களையும் கிளியரிங் ஹவுஸ்களையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பரிசீலிக்கிறது. புகார் இல்லாமலேயே கூப்பிடலாம். அப்போது கேட்பது பரிவர்த்தனை ஃபைல்களை. ஆகவே ஒவ்வொரு ரிலீஸுக்கும் அனுப்பிய ஃபைல், வந்த ஒப்புகை, டிஆர்3-இன் எந்த விதி, யார் எப்போது ஓட்டினார் என்ற நான்கையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வைத்திருந்தால் பிரயோஜனமில்லை.

எதிர்ப்பக்கம் விதியை மீறினால், பேசியும் தீரவில்லை என்றால், சிஎம்எஸ்ஸின் அசெட் என்ற இணையக் கருவியில் புகார் கொடுக்கலாம். ஃபைலைப் போட்டுச் சோதித்துப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. புகார் நிரூபணமானால் திருத்தத் திட்டம் கேட்பார்கள். பெரும்பாலான தகராறு அதுவரை போகத் தேவையில்லை. டிஆர்3 பக்க எண்ணோடு ஒரு மெயில் அனுப்பினாலே பேயர் பக்கத்துத் தொழில்நுட்பக் குழு இறங்கி வரும்.

படி 9: காலண்டர்

விதி மாறாவிட்டாலும் குறியீடுகள் மாறிக்கொண்டே இருக்கும். ஐசிடி-10 அக்டோபர் 1-ல் மாறும், ஏப்ரல் 1-லும் சேர்க்கை வரும். சிபிடி ஜனவரி 1. எச்சிபிசிஎஸ் காலாண்டுக்கு ஒருமுறை. சரிக்கட்டல் காரணக் குறியீடுகள் மார்ச், ஜூலை, நவம்பர். ஒவ்வொரு தேதிக்கும் முந்தைய நாள், அந்த நாள் என இரண்டு சிகிச்சைத் தேதியோடு, புதிதாக வந்த குறியீடு, நீக்கப்பட்ட குறியீடு இரண்டையும் ஓட்டுங்கள். அப்புறம் செப்டம்பர் 28-ல் சேர்ந்து அக்டோபர் 3-ல் டிஸ்சார்ஜ் ஆன உள்நோயாளிக் கிளெய்ம் ஒன்று. மெடிகேரில் உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதியை வைத்துத்தான் ஐசிடி பட்டியல் தேர்வாகும். சேர்ந்த தேதியைப் பார்த்து எழுதிய ப்ரோகிராம் அந்தக் கிளெய்மில் பழைய பட்டியலைத் தேடும்.